கோட்டை நிருபருக்கு விழா எடுத்த கதை

எங்கள் வட்டாரத்தில் மூத்த நிருபர் ஒருவர் ஓய்வு பெற்றதும், "அண்ணனுக்கு ஏதாவது செய்யணும்" என்ற பேச்சு தானாகவே கிளம்பியது. சென்னைப் பத்திரிகைக்காரர்கள் 'கோட்டை' என்றால் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் சட்டமன்றம், தலைமைச் செயலகம் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறோம் என்று அர்த்தம். எம்.ஜி.ஆர். ஆட்சியின் கடைசிக் காலத்தில் அந்தக் கோட்டை பீட்டுக்குள் (நிருபருக்கு ஒதுக்கும் செய்திக் களத்தை பீட் என்போம்) போனவர் அண்ணன். ஓய்வு பெறும்வரை வேறு பீட்டுக்குப் போகவே இல்லை. கிரைம் பார்க்கச் சொன்னார்கள், டெல்லிக்குப் போகச் சொன்னார்கள், இரண்டுக்கும் மாட்டேன் என்றுவிட்டார். தன் பெயரை நான் எங்கும் எழுதக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. ஆகவே இங்கேயும் அண்ணன்தான்.

விழா பற்றிப் பேச உட்கார்ந்த முதல் நாள் வந்தவை எல்லாம் வழக்கமான யோசனைகள். ஒரு மண்டபம், ஒரு அமைச்சர், வரிசையாகப் பொன்னாடை, வாழ்த்துரை, சாப்பாடு. கூடவே ஒரு விழா மலர். மலர் வேலை என் தலையில் விழுந்தது. நாற்பது பேரிடம் வாழ்த்துக் கட்டுரை வாங்கிப் போட்டால் முடிந்தது என்றார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்த மாதிரி மலர்கள் என் வீட்டு அலமாரியில் நிறைய இருக்கின்றன. அட்டையை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஒரு நிருபரைப் பாராட்டுவதென்றால் அவர் எழுதிய செய்தியை எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சொல்வது சுலபம். அந்தச் செய்திகள் எங்கே என்று தேட ஆரம்பித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

தமிழ் நாளிதழ்களில் வெகுகாலம் நிருபர் பெயரே போட மாட்டார்கள். 'நமது நிருபர்', மிஞ்சினால் 'நமது சிறப்பு நிருபர்'. அண்ணனின் பாதிக் காலம் அப்படியே போனது. இணையத்தில் தேடினால் பெயருள்ள பிற்காலச் செய்திகள் கொஞ்சம் வருகின்றன, மற்றதெல்லாம் பைண்டு செய்த பழைய தொகுதிகளுக்குள் கிடக்கிறது. அவரிடமும் வெட்டி ஒட்டிய கோப்பு எதுவும் இல்லை. "நேத்து எழுதினதை வெச்சிக்கிட்டு என்ன பண்றது, நாளைக்கு என்னன்னு பார்க்கணும்ல" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தேடுகிறவன் பாடுதான் திண்டாட்டம்.

பத்திரிகை அலுவலகத்தின் பழைய தொகுதிகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் எழும்பூர் கன்னிமரா நூலகம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களையும் இதழ்களையும் பெறும் நூலகங்களில் அது ஒன்று. ஆனால் தேதி தெரியாமல் அங்கே போய் உட்காருவதில் பயனில்லை. தேதியைப் பிடிக்கத்தான் ஒரு வழி கண்டுபிடித்தோம். அண்ணனிடம் "எந்த வருஷம்" என்று கேட்டால் எப்போதும் தடுமாறுவார். "அப்போ நிதிச் செயலர் யாரு? சபாநாயகர் யாரு? சபை நடந்ததா இல்லையா?" என்று கேட்டால் கடகடவென்று வரும். அதை வைத்துக் காலத்தைக் குறுக்கிவிட்டு, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அந்தப் பொருள் எந்தத் தேதியில் வந்தது என்று பார்ப்போம். மறுநாள் காலைப் பேப்பரில் செய்தி இருக்கும். இப்படிப் போனால் ஒரு பொழுதில் ஏழெட்டுச் செய்தி அகப்படும். கைபேசியில் படம் எடுக்கும்போது முதலில் பேப்பர் பெயரும் தேதியும் தெரியும்படி முழுப் பக்கம், அப்புறம் செய்தி மட்டும் தனியாக. பக்க எண்ணை அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது எந்தப் பேப்பர் என்றே தெரியாது.

அவர் ஞாபகமும் எல்லா இடத்திலும் சரியாக இல்லை. ஜெயலலிதா ஆட்சியில் நடந்ததாக அவர் அடித்துச் சொன்ன ஒரு விஷயம், தொகுதியைப் புரட்டியபோது அதற்கு முந்தைய ஆட்சியில் வந்திருந்தது. படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "என் ஞாபகத்தை நம்பி மலர் போடாதே தம்பி. நான் சொல்றதுல எது பேப்பர்ல இருக்கோ அதை மட்டும் போடு" என்றார். அந்த ஒரு வரிதான் பிறகு மலருக்கே விதியானது. ஆதாரம் கிடைக்காத கதைகள் சுவாரசியமாக இருந்தாலும் வெளியே நின்றுவிட்டன. அதில் இரண்டு மூன்று எனக்கு இன்னும் மனசில்லாமல் விட்டவை.

பெரிய நாட்களைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியுமா? 1987 ஏப்ரலில் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு, அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தபோது அண்ணன் இந்த பீட்டுக்குப் புதுசு. எதிர்ப்பு எழுந்து இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். பிறகு உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. "அன்னிக்கு பத்திரிகையாளர் மாடத்துல உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கை கொஞ்சம் நடுங்குச்சு" என்றார். அதே நடுக்கம் 2003 நவம்பரில் திரும்ப வந்தது. 'தி இந்து' நாளிதழைச் சேர்ந்தவர்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பேரவை 15 நாள் சிறை என்றது. உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சட்டமன்றச் செய்தி எழுத வரும் புதியவர்களுக்கு இந்த இரண்டையும் சொல்லித்தர வேண்டும் என்பது அண்ணனின் வாதம். பயமுறுத்துவதற்காக இல்லை. அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய வார்த்தையை மறுநாள் அச்சில் போட்டால் அவையின் உரிமை மீறல் என்று நடவடிக்கை வரும். எது நீக்கப்பட்டது என்பது பல நேரம் சாயங்காலம்தான் தெளிவாகும். ஆகவே கடைசியில் பேரவைச் செயலகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் செய்தியை அலுவலகத்தில் திருத்தும் டெஸ்க்குக்கு அனுப்புவார். கேள்வி நேரத்தை நேரலையில் காட்ட ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

1989 மார்ச் 25 பற்றி எல்லாரும் அவரிடம் கேட்பார்கள். முதல்வர் கருணாநிதி பட்ஜெட் படிக்க எழுந்த நாள், எதிர்க்கட்சித் தலைவராக ஜெயலலிதா இருந்த நாள், அவையில் கைகலப்பு நடந்த நாள். யார் யாரை என்ன செய்தார்கள் என்பதில் இன்றுவரை ஆளுக்கொரு கதை. மலருக்காக அன்றைய செய்தியைத் தேடி எடுத்தபோது எனக்கு ஆச்சரியம். அண்ணன் எழுதியது ரொம்பச் சின்னதாக இருந்தது. மாடத்திலிருந்து கண்ணால் கண்டது, காதால் கேட்டது, எந்த வரிசையில் என்ன விழுந்தது என்பது வரை. தான் பார்க்காததை 'என்று அ.தி.மு.க. உறுப்பினர்கள் கூறினர்', 'என்று தி.மு.க. உறுப்பினர்கள் மறுத்தனர்' என்று பிரித்திருந்தார். அன்றைக்கு அலுவலகத்தில் அதற்குத் திட்டு விழுந்ததாம், மற்ற பேப்பரில் காட்சி காட்சியாக வந்திருக்கிறதே என்று. இன்று அந்தச் செய்தியைத்தான் தைரியமாகத் திரும்ப அச்சிட முடிகிறது. மலரில் அதை அப்படியே போட்டோம், ஒரு வரி முன்னுரைகூட இல்லாமல்.

ஆனால் அவரை நிஜமாகப் பேச வைத்தது 2003 ஜூலைதான். அரசு ஊழியர் வேலைநிறுத்தம், அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் டெஸ்மா சட்டம், ஒரே வீச்சில் சுமார் 1.70 லட்சம் பேர் பணிநீக்கம். செயலகத்தின் பிரிவுகள் பாதி காலி. அவருக்கு வருஷக்கணக்காகச் செய்தி சொன்னவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சிலர் போனை எடுக்கவில்லை, சிலர் இவர் வீட்டுக்கே வந்து நின்றார்கள். உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் செய்ய ஊழியர்களுக்கு உரிமை இல்லை என்று சொன்னது, பெரும்பாலானோர் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. அண்ணன் சொன்னது வேறு. "எண்ணிக்கையை எழுதினேன், சட்டத்தை எழுதினேன், கோர்ட்டை எழுதினேன். அந்த மாசம் சம்பளம் இல்லாம எப்படி இருந்தாங்கன்னு ஒரு செய்தி எழுதலை. தெரிஞ்சவங்கங்கிறதால எழுதலை." ஓய்வு பெறுகிறவரிடம் பேட்டி எடுக்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது என்றே நினைக்கிறேன். சாதனையைக் கேட்டால் பழக்கப்பட்ட பதில்தான் வரும், எழுதாமல் விட்டதைக் கேட்டால்தான் ஆள் வெளியே வருகிறார். அதையும் அவர் சம்மதத்தோடு மலரில் சேர்த்தோம்.

இனி நோட்டுக் கதை. வெட்டி ஒட்டிய கோப்பு இல்லை என்றேன் அல்லவா? அதற்குப் பதில் அவரிடம் நீளமான கணக்கு நோட்டுகள் இருந்தன, கடையில் வரவு செலவு எழுதுவார்களே அந்த வகை. இதைப் பற்றி யாருக்குமே தெரியாது. பேட்டிக்கு நடுவே ஒரு தேதி பார்க்க எழுந்து போய் எடுத்து வந்தார். திறந்தால் கட்டம் போட்ட பக்கங்கள். முதல் கட்டத்தில் அறிவிப்பு, அடுத்து தேதி, எங்கே சொன்னது (ஆளுநர் உரை, பட்ஜெட், மானியக் கோரிக்கை, விதி 110, பொதுக்கூட்டம்), தொகை, அரசாணை எண், ஒப்பந்தப்புள்ளி, கடைசியில் 'நிலை'. 'நிலை' கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தார், மாற்றுவதற்கு வசதியாக.

சட்டமன்ற விதி 110 தெரியாதவர்களுக்கு: பொது முக்கியத்துவம் உள்ள ஒரு பொருளைப் பற்றி அமைச்சர் அவையில் அறிக்கை படிக்கலாம், அதன் மேல் விவாதம் கிடையாது. 2011க்குப் பிறகு ஜெயலலிதா இதன் கீழ் அறிவிப்பு மேல் அறிவிப்பாக வெளியிட்டார். அந்த நாட்களில் பிரஸ் ரூமில் நாங்கள் எல்லாரும் தொகையைத் தலைப்பாக்கிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவோம். அண்ணன் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, மிச்சக் கட்டங்கள் நிரம்புவதற்குக் காத்திருப்பார். அறிவிப்பு ஒன்று, நிர்வாக ஒப்புதல் வேறு, நிதி ஒப்பளிப்பு வேறு, டெண்டர் வேறு, மண் தோண்டுவது வேறு. இந்த ஐந்துக்கும் நடுவே ஐந்து வருஷம் போகலாம். சில அறிவிப்புகள் மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று புதுத் திட்டங்களாக அறிவிக்கப்பட்டிருந்தது நோட்டில் கண்கூடாகத் தெரிந்தது. எந்த ஆட்சியும் இதற்கு விதிவிலக்கில்லை. நோட்டுகளைப் பார்த்த பிறகுதான் இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

அரசாணை படிப்பதில் அவர் கற்றுத்தந்தது இந்த மலர் வேலையில் எனக்குக் கிடைத்த தனி லாபம். நாமெல்லாம் அரசாணையில் மேலே 'சுருக்கம்' என்று இருக்கும் பகுதியைப் படித்துவிட்டுச் செய்தி எழுதுகிறோம். அவர் முதலில் 'படிக்கப்பட்டவை' என்ற பட்டியலைப் பார்ப்பார். எந்தக் கடிதத்தில் ஆரம்பித்தது, யார் எப்போது கேட்டார்கள், பழைய அரசாணை எது என்று அங்கே இருக்கும். நாலு வருஷத்துக்கு முந்தைய கடிதம் முதலில் இருந்தால், 'புதிய திட்டம்' எவ்வளவு பழசு என்று புரிந்துவிடும். அடுத்து நேராகக் கடைசிக்குப் போவார். 'இவ்வாணை நிதித் துறையின் அ.சா. (அலுவல் சாரா) எண் இன்னது, நாள் இன்னது, இசைவுடன் வெளியிடப்படுகிறது' என்று ஒரு பத்தி வரும். பணம் சம்பந்தப்பட்ட ஆணையில் அந்தப் பத்தி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் நிதித் துறை இன்னும் சரி சொல்லவில்லையோ என்று கேட்கப் போவார். அதற்கும் கீழே 'பெறுநர்' பட்டியல். ஆணை யாருக்கெல்லாம் போகிறது என்பதில் செய்தி ஒளிந்திருக்கும், சம்பந்தமே இல்லாத ஒரு மாவட்ட ஆட்சியருக்கு மட்டும் நகல் போனால் ஏன் என்று கேள். நடுவில் இருக்கும் பத்திகளை அப்புறம்தான் படிப்பார்.

பட்ஜெட்டிலும் இதே மாதிரி. உரையில் இந்த ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பது மட்டும் இருக்கும். போன வருஷ உரையில் சொன்ன தொகை, அதே திட்டத்துக்கு இப்போது போட்டிருக்கும் திருத்திய மதிப்பீடு, அதற்கு முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, மூன்றையும் பக்கத்தில் வைத்தால் உரையில் இல்லாத செய்தி கிடைக்கும். 2021 ஆகஸ்டில் காகிதமில்லாத பட்ஜெட் வந்தபோது இளைஞர்களான நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவர் முந்தைய வருஷத்து அச்சுப் புத்தகங்களை ஒரு பையில் தூக்கிக்கொண்டு, அப்போது பேரவை கூடிய கலைவாணர் அரங்கத்துக்கு வந்திருந்தார், ஒப்பிட்டுப் பார்க்க. அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைக்கப்படும், அன்று எல்லாருக்கும் கிளம்பும் அவசரம். அவருக்கு மட்டும் அவசரமே இருக்காது.

இதையெல்லாம் எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டதற்கு அவர் தந்த பதில், ஓய்வு பெறுகிற அன்று நடக்கும் பிரிவு உபசாரம். அரசு ஊழியர்கள் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுவார்கள். தலைமைச் செயலகத்தின் நாமக்கல் கவிஞர் மாளிகையில் ஏதாவது ஒரு மாடியில் அன்று டீயும் மிக்சருமாக ஒரு சின்னக் கூட்டம் இருக்கும். அமைச்சர் அறை வாசலில் மற்றவர்கள் நிற்கும்போது இவர் அங்கே போய்விடுவார். பிரிவு அலுவலராக, சார்புச் செயலாளராக இருந்து போகிறவர்களின் வீட்டு முகவரி அவரிடம் இருக்கும். வேலையில் இருக்கும்போது ஒரு வார்த்தை பேசாதவர்கள், ஓய்வுக்குப் பிறகு 'அந்தக் கோப்பில் என்ன நடந்ததுன்னா' என்று விதிமுறையோடு பாடம் எடுப்பார்களாம். செய்தி கேட்க மாட்டார், நடைமுறை கேட்பார். எந்தக் கேள்வியைக் கேட்டால் கோப்பு நகரும் என்று தெரிந்துகொண்டதால்தான், 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்ததும் அவர் மனுக்கள் பலித்தன. (மாநிலத்துக்கென்று 1997லேயே ஒரு சட்டம் இருந்தது, ஆனால் அதில் கேட்டுப் பெரிதாக ஒன்றும் கிடைத்ததில்லை என்பார்.) '...பற்றிய முழு விவரம் தருக' என்று கேட்டால் 30 நாள் கழித்து 'தங்கள் கேள்வி தெளிவாக இல்லை' என்று வரும். இந்த எண்ணுள்ள கோப்பில் இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையே எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் என்று கேட்டால் தப்பிக்க இடமிருக்காது. பத்து ரூபாய்க் கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சரி, விழாவுக்கு வருகிறேன். பெரிய சண்டை யாரைச் சிறப்பு விருந்தினராக அழைப்பது என்பதில்தான். அமைச்சர் வந்தால் கூட்டம் வரும், மண்டபச் செலவுக்கு ஆள் கிடைக்கும், மறுநாள் எல்லாப் பேப்பரிலும் படம் வரும் என்று ஒரு தரப்பு. காலமெல்லாம் அரசை எழுதியவரை, அரசு மேடையேறிப் பாராட்டினால் அது யாருக்கு விழா என்று இன்னொரு தரப்பு. நான் இரண்டாவது தரப்பு. ஆளும் கட்சியைக் கூப்பிட்டால் எதிர்க்கட்சியையும் கூப்பிட வேண்டும், இருவரும் வந்தால் அவர்கள் பேசுவது அண்ணனைப் பற்றி இருக்காது. அரசு தரும் கௌரவம் தப்பு என்று சொல்லவில்லை. மூத்த பத்திரிகையாளர்களுக்குக் கலைஞர் எழுதுகோல் விருது இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் தருகிறார்கள், பெற்றவர்கள் தகுதியானவர்களே. அது அரசு செய்வது, இது சக நிருபர்கள் செய்வது, இரண்டையும் கலக்க வேண்டாம் என்பதுதான். கடைசியில் அண்ணனே தீர்த்துவைத்தார்: "யார் வேணும்னாலும் வரட்டும், கீழே உட்காரட்டும். மேடையில என் செய்தியால திட்டு வாங்கினவங்களையும், என் செய்தியால ஏதாவது கிடைச்சவங்களையும் உட்கார வைங்க."

அப்படித்தான் செய்தோம். திட்டு வாங்கியவர் ஒரு ஓய்வு பெற்ற செயலாளர். அண்ணன் எழுதிய ஒரு செய்திக்கு மறுப்பு அறிக்கை எழுதியவர் அவர். மறுப்பு எழுதிய அன்றே அந்தக் கோப்பை வரவழைத்துத் திருத்தியதையும் மேடையில் சொன்னார். அரங்கத்தில் சிரிப்பு அடங்க நேரமானது.

கிடைத்தவர் ஒரு சத்துணவு சமையலர். ஒரு அரசாணையில் ஒரு தேதிக்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பலன் கிடைக்காதபடி ஒரு வரி விழுந்திருந்தது. வேண்டுமென்று இல்லை, பழைய ஆணையிலிருந்து எடுத்து எழுதியபோது வந்த குளறுபடி. அண்ணன் அதைப் பற்றி எழுதியது பேப்பரின் ஒரே ஒரு காலம் (column) அகலத்தில் ஒரு விரல் நீளச் செய்தி, உள்பக்கத்தில், வரி விளம்பரத்துக்குப் பக்கத்தில். பிறகு திருத்த ஆணை வந்தது. அந்த அம்மாவுக்கு அந்தச் செய்தியை யார் எழுதினார்கள் என்றே தெரியாது. நாங்கள் திருத்த ஆணையின் வழியாகத் தேடி, அவர்கள் சங்கத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தோம். மேடையில் அவர் மைக்கைப் பிடித்து, "எனக்குப் பேச வராது. பணம் வந்துச்சு, அதுல என் பொண்ணுக்குத் தோடு வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் சின்னச் செய்தியைப் பெரிதாக்கி அரங்கத்தின் வாசலில் வைத்திருந்தோம், பக்கத்தில் திருத்த ஆணையின் நகலோடு. சுவர் முழுக்க இதே மாதிரிதான்: இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் அதனால் என்ன ஆனது. ஒன்றும் ஆகாத செய்திகளுக்கு வலப்பக்கம் வெற்றுத் தாள். வெற்றுத் தாள்கள் கணிசமாக இருந்தன. ஒருவர் அதை எடுத்துவிடலாமே என்றார், அண்ணன் விடவில்லை.

பேசுகிறவர்களுக்கு ஒரே நிபந்தனை போட்டிருந்தோம். ஒரு செய்தியைப் பற்றி மட்டும் ஐந்து நிமிடம். 'நாலாவது தூண்' என்ற பேச்சுக்கு இடமில்லை. இதை முன்கூட்டியே எழுத்தில் அனுப்ப வேண்டும், வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை. பொன்னாடை வேண்டாம், புத்தகம் தரலாம் என்று அழைப்பிதழிலேயே போட்டோம். அப்படியும் சிலர் சால்வையோடு வந்தார்கள், அது நம் ஊரில் ஒழியாது.

பொற்கிழி விஷயத்தில் கறாராக இருந்தோம். நிருபர்கள், போட்டோகிராபர்கள், டெஸ்க்கில் இருப்பவர்கள், ஓய்வு பெற்ற சகாக்கள், இவர்களிடம் மட்டும் வசூல். ஒப்பந்ததாரர், கட்சிக்காரர், 'நம்ம நண்பர்' என்று வந்த கல்லூரி அதிபர் எல்லாருக்கும் நன்றி சொல்லி அனுப்பினோம். தொகை குறைந்தது. அண்ணனும் அதைப் பணமாக வாங்கவில்லை, தனக்கும் மனைவிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டச் சொன்னார்.

ஆனால் பண விஷயத்தில் நிஜமான உதவி விழாவில் நடக்கவில்லை. ஓய்வு பெற்ற பத்திரிகையாளர்களுக்கு மாநில அரசு மாத ஓய்வூதியம் தருகிறது. விண்ணப்பத்தோடு எங்கே, எப்போதிலிருந்து எப்போதுவரை வேலை பார்த்தார் என்பதற்குச் சான்று வைக்க வேண்டும். அண்ணன் ஆரம்பத்தில் வேலை பார்த்த பத்திரிகை இப்போது இல்லை. பணி நியமனக் கடிதம் எங்கேயோ போய்விட்டது. மாநிலத்தின் எல்லாக் கோப்பையும் துரத்திய மனிதரின் சொந்தக் கோப்பு காலி. வருங்கால வைப்பு நிதிப் பதிவுகள், பழைய அங்கீகார அட்டைகள், சம்பளச் சீட்டு என்று ஒவ்வொன்றாகத் திரட்டினோம். இதில் கைகொடுத்தது அங்கீகார அட்டைதான். செய்தி மக்கள் தொடர்புத் துறை தரும் அந்த அட்டையில் பத்திரிகையின் பெயரும் ஆண்டும் இருக்கும். அண்ணன் பழைய அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். இளம் நிருபர்களுக்கு என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்: அட்டை காலாவதியானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நியமனக் கடிதத்தைப் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள், வேலை மாறும்போது பணிச் சான்று வாங்காமல் வெளியே வராதீர்கள். பத்திரிகை மூடிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது? மூத்தவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய் இந்தக் காகிதங்களைச் சரிபாருங்கள். ஒரு பகலும் ஒரு ஸ்கேனரும் போதும்.

மலர் நினைத்ததைவிட ஒல்லியாக வந்தது. வாழ்த்துக் கட்டுரை ஒன்றுகூட இல்லை என்று சிலருக்கு வருத்தம். செய்திகள், அதன் கீழே இரண்டு மூன்று வரியில் அது எப்படிக் கிடைத்தது என்ற குறிப்பு, நோட்டின் சில பக்கங்கள் அப்படியே நகலாக. நோட்டு முழுவதையும் ஸ்கேன் செய்து கோட்டை பீட் பார்க்கும் நிருபர்களுக்குக் கொடுத்துவிட்டோம், எந்தப் பத்திரிகை என்று பார்க்காமல். ஒரு தம்பி அதிலிருந்து 'நிலை' கட்டம் காலியாக இருந்த ஒரு பழைய அறிவிப்பை எடுத்து விசாரித்து, போன மாதம் செய்தி போட்டிருக்கிறான். அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறான். அவர் திருப்பி அனுப்பிய பதில்: "அரசாணை எண் போடலையே."

அடுத்து எங்கள் பட்டியலில் இருப்பவர் ஒரு அக்கா. சட்டமன்றச் செய்தியில் அண்ணனுக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். ஓய்வுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்போதே போய் உங்கள் செய்திகளின் பட்டியலைத் தாருங்கள் என்றோம். மேடை, மலர் இரண்டும் வேண்டாம் என்றார். ஓமந்தூரார் தோட்டத்தில் 2010இல் திறந்த சட்டமன்ற வளாகத்துக்குக் கோட்டையிலிருந்து எந்தெந்தத் துறைகளின் எந்தெந்தக் கோப்புகள் போயின, 2011இல் ஆட்சி மாறியதும் எவை திரும்பி வந்தன என்று அவர் பாதி எழுதி வைத்திருக்கிறாராம். ஆள் பிடித்து அதை முடித்துக் கொடுங்கள், அதுதான் எனக்குப் பாராட்டு என்கிறார். இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். இன்னும் ஒருவர் வேண்டும், பழைய கையெழுத்துப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.